ஊர்ப்பெருமை வேறு, உள்ளூர் வரலாறு வேறு

பள்ளி ஆண்டு விழாவோ, ஊர்த் திருவிழா மேடையோ, யார் மைக்கைப் பிடித்தாலும் ஒரு வரி கட்டாயம் வரும்: "நம் பாரம்பரியத்தை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்." எல்லோரும் கைதட்டுவார்கள். மேடையை விட்டு இறங்கியதும் "சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போய், புளியோதரைப் பொட்டலம் கொடுத்து, புகைப்படம் எடுத்துத் திரும்புவது. இன்னொன்று, "உலகிலேயே முதன்முதலில் நம் ஊரில்தான்" என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்தியை அவர்களிடம் படித்துக் காட்டுவது.

சுற்றுலா நல்லதுதான், பெருமிதமும் தப்பில்லை. ஆனால் உள்ளூர் வரலாற்றை வைத்துப் பாடம் நடத்துவது என்பது வேறு விஷயம். சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு ஏரிக்கரை, கோயில் மதில், பழைய பாலம் என்று நடந்து வருகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், இந்த அடிப்படையே பல பேருக்குக் குழப்பமாக இருக்கிறது என்று தெரிகிறது. அதனால் முதலிலிருந்து, எளிமையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாட்டியின் வயது

கல்வெட்டு, அகழாய்வு எல்லாம் அப்புறம். வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குவோம்.

"ஆச்சி, உங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பாட்டியாக இருந்தால், "அதெல்லாம் யாரு எழுதி வச்சா? தனுஷ்கோடி அழிஞ்சப்ப நான் அஞ்சாவது படிச்சேன்" என்று பதில் வரலாம். புயல் தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பரில். அஞ்சாம் வகுப்பு என்றால் ஏறக்குறைய பத்து வயது. ஆகவே பாட்டி 1954-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும்.

இப்போது பாட்டியின் ஆதார் அட்டையை எடுங்கள். அதில் 1956 ஜூன் 1 என்று இருக்கிறது. எது சரி? பிள்ளைகள் உடனே "ஆதார்தான் சரி, கவர்மென்ட் கொடுத்தது" என்பார்கள். அங்கேதான் சற்று நிறுத்த வேண்டும். ஆதாரில் உள்ள தேதி எங்கிருந்து வந்தது? பள்ளிச் சான்றிதழிலிருந்து. பள்ளிக்கு அந்தத் தேதி எப்படித் தெரிந்தது? அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் அஞ்சு வயது ஆயிற்று என்று கணக்கு. வாத்தியார் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். ஆக, முத்திரை குத்திய காகிதத்தில் இருப்பதும் ஒரு மதிப்பீடுதான்.

அதற்காகப் பாட்டி சொல்வது முழுக்கச் சரி என்றும் ஆகிவிடாது. அஞ்சாவதா, நாலாவதா என்று நினைவு பிசகியிருக்கலாம். பாட்டியின் தங்கையைக் கேட்கலாம், கல்யாணப் பத்திரிகையைத் தேடலாம், பழைய குடும்ப அட்டையைப் பார்க்கலாம். நாலு இடத்திலிருந்து வரும் தகவல் ஒன்றோடொன்று ஒத்துப்போனால், "1953-க்கும் 1955-க்கும் இடையில்" என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

வரலாற்று ஆய்வாளர்கள் செய்வதும் இதே வேலையைத்தான். அவர்கள் பாட்டிக்குப் பதிலாக ஒரு கோயிலையோ அரசனையோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு சொற்கள் மட்டும் தெரிந்தால் போதும்

முதல் சொல், சான்று. கடந்த காலத்தைப் பற்றி நமக்கு ஏதாவது சொல்லக்கூடிய எதுவும் சான்றுதான். கல்வெட்டும் சான்று, உடைந்த பானை ஓடும் சான்று, தாத்தாவின் பேச்சும் சான்று, தெருவின் பெயரும் சான்று. நடந்த காலத்திலேயே உருவானதை முதன்மைச் சான்று என்பார்கள். அதைப் பார்த்துப் பின்னாளில் ஒருவர் எழுதியதை இரண்டாம் நிலைச் சான்று என்பார்கள். பாடப்புத்தகம் அந்த இரண்டாவது வகை. பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி. அவர்களுக்குப் பாடப்புத்தகம்தான் வரலாறு.

இரண்டாவது சொல், வாய்மொழி வரலாறு. ஒருவர் தாம் கண்டதையும் வாழ்ந்ததையும் சொல்ல, அதைக் கவனமாகக் கேட்டு, பதிவு செய்து, மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. "ஒப்பிட்டுப் பார்ப்பது" என்பது முக்கியம். அது இல்லையென்றால் அது வெறும் கதை கேட்பதாகிவிடும். கதை கேட்பதும் இனிமையானதுதான், ஆனால் அது வேறு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உள்ளூர் வரலாறு வழிக் கல்வி என்பது, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பொருள், இடம், ஆள், காகிதம் இவற்றைப் பிள்ளைகளே சான்றாக எடுத்துக்கொண்டு, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கேட்டுத் தங்கள் ஊரின் பழைய நிலையைத் தெரிந்துகொள்வது. ஊர் எவ்வளவு பழையது என்பது இதில் இரண்டாம் பட்சம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உருவான குடியிருப்பிலும் இதைச் செய்யலாம்.

பெயர் தெரிந்த ஒரு நாய்

பிள்ளைகளிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் கல் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் உள்ள நடுகல் அது. நடுகல் என்றால், ஆடுமாடுகளைக் காக்கவோ ஊரைக் காக்கவோ போராடி இறந்தவரின் நினைவாக நட்ட கல். கால்நடைதான் செல்வமாக இருந்த அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட கற்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன.

எடுத்தனூர்க் கல்லில் வீரன் ஒருவனின் உருவம் இருக்கிறது, அருகே ஒரு நாயின் உருவம். எழுத்தின் சாரம் இது: மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும்போது பட்டான். 'பட்டான்' என்றால் இறந்தான். அத்தோடு இன்னொரு வரி: கோவிவன் என்னும் நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு மாற்றம் வரும். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். "நாய்க்குப் பேரு இருந்துச்சா சார்?" இருந்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஒரு நாய்க்குக் கோவிவன் என்று பெயர் வைத்து அழைத்திருக்கிறார்கள், அது செய்ததை மறக்காமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். இந்தக் கல்லிலிருந்து நமக்கு என்னென்ன தெரிகிறது? எருமை வளர்த்தார்கள். எருமைக்குத் திருட்டு பயம் இருந்தது. திருடர்கள் இரண்டு பேர் என்று எண்ணிச் சொல்லியிருப்பதால், நடந்ததைப் பார்த்தவர் யாரோ இருந்திருக்க வேண்டும், அல்லது ஊருக்குள் அப்படிப் பேச்சு இருந்திருக்க வேண்டும். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, செதுக்கி, எழுத்து வெட்ட ஆளும் செலவும் ஊருக்குக் கட்டுப்படியானது. எழுத்து தெரிந்தவர் ஒருவராவது இருந்தார். சரி, என்ன தெரியவில்லை? கருந்தேவகத்திக்கு மனைவி மக்கள் இருந்தார்களா, எருமைகள் திரும்பிவந்தனவா, அந்தக் கள்ளர்கள் யார், எதற்காகத் திருட வந்தார்கள்? கல் வாய் திறக்காது.

மகேந்திரவர்மன் பாடப்புத்தகத்தில் குடைவரைக் கோயில் எடுத்த பல்லவ அரசன். இந்தக் கல்லில் அவன் வேலை வேறு. ஆண்டைக் குறிக்க அவன் பெயர் பயன்படுகிறது, அவ்வளவுதான். நாம் காலண்டரைப் பார்ப்பதுபோல ஊரார் அரசனைப் பார்த்திருக்கிறார்கள். புத்தகத்தில் நடுவில் இருப்பவர் இங்கே ஓரத்தில் நிற்கிறார், புத்தகத்தில் இடமே இல்லாத ஓர் எருமைக்காரர் நடுவில் நிற்கிறார். உள்ளூர் வரலாற்றின் பெரிய லாபம் இந்த இடமாற்றம்தான் என்பது என் எண்ணம்.

இலக்கணப் பாடத்தையும் இதே இடத்தில் தொடலாம். தொல்காப்பியத்தில் ஆகோள் என்ற சொல் வருகிறது, பகைவரின் ஆநிரையைக் கவர்வது என்று பொருள். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்வோம். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று தமிழி எழுத்தில் வெட்டியிருக்கிறது. தமிழி என்பது தமிழின் பழைய எழுத்து வடிவம். மனப்பாடச் சொல் கல்லில் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்காது.

ஈரக் காகிதமும் மைப்பொதியும்

கல்வெட்டு வாசிப்பது பெரிய அறிஞர்களின் மந்திர வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் படியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடலாம், பயிற்சி பெற்றவர் ஒருவர் கூட இருந்தால். அதற்கு மைப்படி எடுத்தல் என்று பெயர்: கல்லில் உள்ள எழுத்தை அப்படியே காகிதத்தில் எடுப்பது.

கல்லைத் தண்ணீர் விட்டு மென்மையான தூரிகையால் துடைக்கிறார்கள். இதற்கென்று உள்ள காகிதத்தை நனைத்துக் கல்மேல் ஒட்டுகிறார்கள். அப்புறம் தூரிகையால் மெதுவாகத் தட்டத் தட்ட, காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் போய்ப் படிந்துகொள்கிறது. இந்தத் தட்டுதலில் அவசரப்பட்டால் காகிதம் கிழியும், சோம்பினால் எழுத்து விழாது. காகிதம் பாதி உலர்ந்ததும் மைப்பொதியால் ஒற்றுகிறார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகும், பள்ளமான எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளை எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்துவரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கை வேலையில் தேறாதவன் என்று பேர் வாங்கிய ஒரு பையன், அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலைகூடக் கிழியாமல் காகிதத்தை உரித்து எடுத்தான்.

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இந்த வழியில் நல்ல பெயர் எடுத்தது. அங்கே மாணவர்கள் பழைய எழுத்துகளை வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள், ஊரைச் சுற்றி நடந்து பானை ஓடுகளை அடையாளம் கண்டார்கள். இதெல்லாம் நடந்தது ஒரு சாதாரண அரசுப் பள்ளியில்.

ஏரிக்கரைதான் நல்ல வகுப்பறை

எங்கள் ஊரில் கல்வெட்டே இல்லையே என்பவர்களுக்கு என் பதில், ஏரி இருக்கிறதா என்பதுதான். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் உண்டு என்பது அரசுக் கணக்கு. அதில் ஒன்று நடந்துபோகும் தூரத்தில் இல்லாத கிராமம் குறைவு.

கரையில் ஏறி நின்றதும், "தண்ணி எங்கேருந்து வருது, எங்கே போகுது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் தேடப் பிள்ளைகள் நடக்கத் தொடங்குவார்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. மதகு வழியாக வயலுக்குப் போகிறது. மிஞ்சினால் கலங்கலில் வழிந்து போக்குக்காலில் ஓடி அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த ஏரி நிறைந்தால் அதற்கடுத்த ஏரி. இப்படி ஒரு சங்கிலியாகவே அமைத்திருக்கிறார்கள். மேலூரார் தங்கள் கலங்கலை இரண்டு கல் உயர்த்திவிட்டால் கீழூருக்குத் தண்ணீர் இல்லை. அதனால் பக்கத்து ஊர்களோடு பேச்சும் ஒப்பந்தமும், பல சமயம் சண்டையும் இருந்தே தீரும். அரசியல், பொருளாதாரம், புவியியல் எல்லாம் அந்த ஒரு கரையில் கிடக்கிறது.

பழைய ஏரிகளின் உள்ளே, கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழித்தூம்பு, அதாவது தண்ணீரை அளவாகத் திறந்துவிடும் பழைய கல் அடைப்பு. அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேலே உள்ள நீரோடித் துளையைத் திறந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கீழே உள்ள சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் சேர்ந்து வெளியேறும். ஏரி தூர்ந்துபோகாமலும், வயலுக்கு வண்டல் போய்ச் சேரும்படியும் ஒரே அமைப்பில் ஏற்பாடு. அந்தத் தூணில் சில ஊர்களில் எழுத்தும் இருக்கும், தூம்பு செய்து கொடுத்தவர் யார் என்று.

நான் பிள்ளைகளை அழைத்துப்போன ஓர் ஏரியில், முன்பு நீர்க்கட்டியாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்து பேசினார். நீர்க்கட்டி என்பவர் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டு மடை திறப்பவர். ஊர் அவருக்கு நெல்லாகக் கூலி அளக்கும். "தன் சொந்த நிலம்னா கடைசியாத்தான் தண்ணி பாய்ச்சணும், இல்லாட்டி ஊரு நம்பாது" என்றார் அவர். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, "உங்களுக்கு நிலம் இருந்துச்சா தாத்தா?" என்று கேட்டாள். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "இல்லம்மா" என்றார். அந்த ஒரு பதிலில் ஊரின் நில உடைமை பற்றி அந்தப் பிள்ளைகள் புரிந்துகொண்டதை நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியவைத்திருக்க முடியாது.

'மடையன்' என்ற வசைச்சொல்லைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவரைத்தான் பிற்காலத்தில் இழிவாக இப்படித் திட்டினார்கள் என்று. கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அறியாமையைக் குறிக்கும் மடமை என்ற பழைய சொல் தமிழில் இருக்கிறது. மடைப்பள்ளியில் சமைப்பவருக்கும் மடையன் என்ற பெயர் இருந்தது. வசை இந்த மூன்றில் எதிலிருந்து வந்தது என்று எப்படி முடிவு செய்வது? எந்தச் சொல் எந்த நூலில், எந்தப் பொருளில் வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வேலையை ஒரு வாரத்துக்குப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். அதன்பின் எந்த ஃபார்வர்டு வந்தாலும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏரிக்கு எங்கே போவது? சென்னையிலே நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. டேங்கும் இல்லை, லேக்கும் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில். தியாகராய நகர், 1920-களில் தொடங்கி, தூர்த்த ஏரியின் மேல் உருவானது. தெருப்பெயரைச் சான்றாக வைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு முறை நின்று பார்த்துக்கொள்வோம். கல்லோ, ஏரியோ, தெருப்பெயரோ, எல்லா இடத்திலும் நாம் செய்தது ஒன்றே: கண்ணால் பார்த்தோம், என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று பிரித்தோம், இன்னொரு சான்றோடு ஒப்பிட்டோம்.

இது ஏன் மனதில் நிற்கிறது

பாடப்புத்தக வரலாற்றைப் பிள்ளைகள் மறப்பதற்கு அவர்கள் சோம்பேறிகள் என்பது காரணமே இல்லை. அந்தத் தகவலை மாட்டி வைக்க மனதில் ஆணி இல்லை. "பல்லவர் ஆட்சியில் கால்நடை முக்கியச் செல்வம்" என்ற வரி காற்றில் தொங்குகிறது. கோவிவன் என்ற நாய் ஓர் ஆணி. அதில் பல்லவர், கால்நடை, எழுத்து, கள்வர் பயம் எல்லாவற்றையும் மாட்டலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. புத்தகத்தில் உள்ளதைப் பிள்ளை சரிபார்க்க முடியாது, நம்பத்தான் முடியும். பக்கத்துத் தெருவில் உள்ளதை நேரில் போய்ச் சரிபார்க்கலாம். ஆசிரியர் சொன்னது தப்பு என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். ஒரு முறை அப்படிக் கண்டுபிடித்த பிள்ளை வரலாற்றை வேறு மாதிரிப் படிக்கும். என்னிடமே, "நீங்க கோயில் கட்டி எழுநூறு வருஷம்னு சொன்னீங்க, ஆனா அந்தத் தூண்ல 'உபயம்' போட்டு 1938-னு இருக்கே" என்று ஒரு மாணவன் வந்து நின்றான். கோயிலின் எல்லாப் பகுதியும் ஒரே காலத்தில் கட்டப்படவில்லை என்ற பாடத்தை அவன்தான் மற்றவர்களுக்கு நடத்தினான்.

உத்திரமேரூர்ச் சுவர் சொல்வதும் சொல்லாததும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இதுதான் குடவோலை முறை. ஏற்கெனவே பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினர்களும் போட்டியிட முடியாது. இன்றைக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டுகிறார்கள்.

பெரும்பாலான பேச்சு இங்கேயே நின்றுவிடும், "உலகின் முதல் ஜனநாயகம்" என்று. நல்ல உள்ளூர் வரலாற்று வகுப்பு இன்னும் இரண்டு அடி நடக்கும். தகுதி என்ன? வயது 35-க்கு மேல் 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. இது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. பெண்கள் இல்லை. நிலமில்லாதவர் இல்லை. அந்த வயல்களில் இறங்கி வேலை செய்தவர் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

இதைச் சொன்னால் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குக் காட்டாதவரைத் தடுத்த விதியைப் பார்த்து வியக்கவும், விலக்கப்பட்டவர்களை நினைத்து வருந்தவும் ஒரே பிள்ளையால் முடியும். "இந்தச் சான்றில் யார் இல்லை?" என்ற கேள்வியை விட்டுவிட்டால், உள்ளூர் வரலாறு மிக எளிதாகச் சாதிப்பெருமைக் கூட்டமாக மாறிவிடும். நடுகல்லுக்கு இன்று ஒரு சாதிக் கொடி கட்டப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். கல்லில் அந்தச் சாதியின் பெயரே இல்லை. ஆகவே ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: ஊரைச் சுற்றி நடக்கும்போது காலனிக்கும் போங்கள். அங்கே உள்ள பெரியவர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்பதும் ஊர் வரலாறுதான், அதைச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.

தலபுராணத்தை என்ன செய்வது

"இந்திரன் இங்கே வந்து பூசை செய்தான் என்று எங்கள் கோயிலில் சொல்கிறார்கள், அதைப் பொய் என்று பிள்ளைகளிடம் சொல்வதா?" என்று ஒரு தாய் கேட்டார். அப்படிச் சொல்லத் தேவையில்லை. தலபுராணமும் சான்றுதான், ஆனால் இந்திரன் வந்தானா என்பதற்கு அது சான்று ஆகாது. அதை எழுதிய காலத்தில் மக்கள் எதை நம்பினார்கள், எந்தக் குளத்தைப் புனிதமாக நினைத்தார்கள், எந்த ஊரோடு போட்டி இருந்தது என்பதற்குச் சான்று. "இது உண்மையா?" என்று கேட்பதைவிட "இது எதைப் பற்றிய உண்மை?" என்று கேட்கப் பழக்கினால், வீட்டில் பாட்டியோடும் சண்டை வராது, படிப்பும் கெடாது.

மரபு என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்கிவிடலாம். முன்னோரிடமிருந்து வந்து இன்றும் ஒரு சமூகம் தன்னுடையதாக வைத்துக்கொண்டிருப்பது மரபு. கோயிலும் கோட்டையும் மட்டும் அதில் அடங்கவில்லை. மண்ணை விரலால் தொட்டே பானைக்கு ஆகுமா என்று சொல்லும் குயவரின் அறிவு, தெருக்கூத்து கட்டுபவரின் நினைவில் இருக்கும் பாட்டு, தர்காவின் கந்தூரி, மாதாகோயில் சப்பரம், எல்லாம் அதில் சேரும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஓர் அளவு நாடா, பதிவு செய்ய ஒரு போன். முதல் நாள் வீட்டிலிருந்து பள்ளி வரையிலான பாதையை வரையச் சொல்லுங்கள், அதில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பொருள் எது என்று குறிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் பேசப் போகும்போது அனுமதி கேட்டுப் பதிவு செய்யவும், குறுக்கே பேசாமல் கேட்கவும் பழக்குங்கள். பஞ்ச காலம் பற்றிப் பேச்சு வந்தால் "தாது வருஷம்" என்பார்கள். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதால் அது 1876-ஆ, 1936-ஆ, 1996-ஆ என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பஞ்சம் 1876-இல் தொடங்கியது.

கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள அ-பதிவேடு, அதாவது ஊர் நிலங்களின் விவரம் எழுதிய பதிவேடு, ஒரு புதையல். இன்று பேருந்து நிற்கும் இடம் அதில் "குளம் புறம்போக்கு" என்று இருக்கக்கூடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு, இதில் நான் கண்டிப்பானவன். எங்கேயும் தோண்டக் கூடாது. மண்ணிலிருந்து எடுத்த பானை ஓடு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அதன் பேச்சு பாதி நின்றுவிடும். கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. இருந்த இடத்திலேயே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சுண்ணாம்போ கோலமாவோ தேய்ப்பதும், கம்பியால் சுரண்டுவதும் கூடாது. கும்பாபிஷேகத்துக்கு முன் மணல் வீச்சு அடித்துச் சுவரைச் சுத்தம் செய்ததில் மறைந்துபோன எழுத்துகள் இனித் திரும்பி வராது.

கீழடியைப் பற்றி இன்று எல்லோருக்கும் தெரியும். அங்கே அகழாய்வு தொடங்கியது 2014-15-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1970-களில், அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் கொண்டுவந்து காட்டிய பொருட்களைத் தூக்கியெறியாமல், பத்திரப்படுத்தி, அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கையில் எதையோ எடுத்துக்கொண்டு வந்து, "சார், இது என்ன?" என்று கேட்டிருக்கிறது. அவர் வாங்கிப் பார்த்திருக்கிறார்.